பெயருக்குப் பின்னால் நான்கு எழுத்து

இந்தியப் படை கப்பலேறிப் போய், அடுத்த சண்டை தொடங்காமல் இருந்த அந்தச் சில மாதங்களில் யாழ்ப்பாணத்தில் எல்லோரும் ஏதோ ஒன்றுக்கு விண்ணப்பித்துக் கொண்டிருந்தார்கள். சிலர் கனடாவுக்கு, சிலர் பல்கலைக்கழகத்துக்கு, சிலர் தபால் கந்தோர் வேலைக்கு. நான் ஆளணி முகாமைத்துவம் படிக்க விண்ணப்பித்தேன்.

எனக்கு அப்போது முப்பது வயது ஆகவில்லை. வட்டுக்கோட்டைப் பக்கத்துக் கூட்டுறவுச் சங்கமொன்றில் லிகிதராக, எழுத்து வேலையில், இருந்தேன். சங்கத்துக்குக் கிளைக் கடைகள் இருந்தன, ஓர் அரிசி ஆலை இருந்தது, லொறிகள் இருந்தன. அங்கே வேலை செய்த ஆட்களின் விவகாரம் முழுவதும் என் மேசைக்குத்தான் வரும். யார் வந்தார், யார் வரவில்லை, யாருக்கு இடமாற்றம், யார் யாரோடு சண்டை, யாருக்கு எச்சரிக்கைக் கடிதம் எல்லாம் நான்தான். இதற்கு ஆளணிப் பகுதி என்று பெயர். பகுதி என்றால் நானும் ஒரு மேசையும் பூட்டுடைந்த ஓர் அலுமாரியும்.

எங்கள் பொது முகாமையாளர் நல்ல மனிதர் என்று ஊரில் பெயரெடுத்தவர். நல்ல மனிதர்களுக்குக் கீழே வேலை செய்வது எவ்வளவு கஷ்டம் என்பது ஊருக்குத் தெரியாது. எதைக் கொண்டுபோய்க் கேட்டாலும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி "யோசிப்பம் பிள்ளை" என்பார். அவர் யோசித்து முடிப்பதற்குள் இடமாற்றம் கேட்டவர் வேலையை விட்டே போயிருப்பார். திணைக்களத்திலிருந்து அதிகாரிகள் வந்தால் ஒவ்வொருவராக அறிமுகப்படுத்துவார். இவர் கணக்காளர், இவர் களஞ்சியப் பொறுப்பாளர் என்று சொல்லிக்கொண்டு வந்து, என்னிடம் வந்ததும், "இவ எங்கடை பிள்ளை. வாற போறாக்களைப் பதியிறவ" என்பார். ஏழு வருஷமாக நான் வருகிற போகிற ஆட்களைப் பதிகிறவள்.

ஆகவே, கொழும்பிலுள்ள ஒரு நிறுவனம் ஆளணி முகாமைத்துவத்தைத் தபால் மூலம் படிப்பிக்கிறது, மூன்று மொழியிலும் படிக்கலாம், சோதனைகளிலும் நேர்முகத்திலும் தேறினால் இணை உறுப்பினராகிப் பெயருக்குப் பின்னால் நான்கு எழுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று பத்திரிகையில் பார்த்தபோது, அந்த நான்கு எழுத்துத்தான் என் கண்ணில் பட்டது.

விண்ணப்பத்தில் மேலதிகாரி ஒப்பமிட வேண்டும். முகாமையாளர் கண்ணாடியைத் துடைத்தார்.

"ஆக்களோடை கதைக்கிறதுக்கும் ஒரு படிப்போ?"

"ஓம் சேர்."

"நீர் இப்பவும் நல்லாத்தானே கதைக்கிறீர்."

நான் அவர் முன்னாலேயே நின்றேன். நான் நின்றால் அவரால் தேநீர் குடிக்க முடியாது. ஒப்பமிட்டார்.

விஷயம் அரிசி ஆலைக்குப் போக ஒரு நாள்கூட எடுக்கவில்லை. ஆலையின் மேற்பார்வையாளர்தான் ஊழியர் யூனியனின் செயலாளர். நாற்பது வயதைத் தாண்டியவர். நெடுவல், தலையில் எப்போதும் உமி. வாரத்தில் இரண்டு மூன்று தரம் என் மேசைக்கு முன்னால் வந்து நின்று யாருக்காவது வாதாடாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அன்றைக்கும் வந்தார். வாதாடவில்லை. விண்ணப்பம் எங்கே எடுத்தீர் என்று கேட்டார்.

"அண்ணை, இது முகாமையாளர் பக்கத்து ஆக்களுக்கான படிப்பு."

"அதுதான் தங்கச்சி. நீர் மட்டும் படிச்சா, நாளைக்கு நீர் சொல்லுறது சட்டமோ சுத்துமாத்தோ எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

அவரும் விண்ணப்பித்தார். இரண்டு பேரையும் பதிந்துகொண்டதாகக் கொழும்பிலிருந்து அறிவித்தல் வந்தது. அந்த ஆனி மாதம் சண்டை தொடங்கியது. பாதை பூட்டப்பட்டது, மின்சாரம் போனது, தபால் நின்றது. பாதை பூட்டுவதற்கு முன் வந்து சேர்ந்தது ஒரேயொரு பாடப் பொதி. அது என் பெயருக்கு வரவில்லை. அவர் பெயருக்கு வந்தது.

அடுத்த மூன்று வருஷமும் நான் பாடத்துக்காக அந்த மனிதரின் பின்னால் அலைந்தேன்.

அவர் மெதுவாகப் படிப்பவர். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பாடத்தோடு சண்டை பிடித்துக்கொண்டு படிப்பவர். பேனையால் ஓரமெல்லாம் எழுதுவார். 'ஊழியரின் நலனே நிறுவனத்தின் நலன்' என்று அச்சிட்டிருந்தால் பக்கத்தில் 'ஆர் சொன்னது?' என்று இருக்கும். 'மேற்பார்வையாளர் கனிவோடு நடந்துகொள்ள வேண்டும்' என்ற வரிக்கு நேரே 'ஆலைக்கு வந்து பாரும்'. சில இடங்களில் அவருடைய மறுப்பு, பாடத்தையே மறைத்துக்கொண்டு நின்றது. கீழே என்ன அச்சிட்டிருந்தது என்று தெரியாமல் நான் பாடத்தைத் தூக்கிக்கொண்டு ஆலைக்குப் போவேன். இயந்திரச் சத்தத்துக்கு மேலால் கத்திக் கேட்பேன்.

"அண்ணை, இதிலை என்ன எழுதியிருந்தது?"

"பிழையா எழுதியிருந்தது."

"பிழையோ சரியோ, சோதினைக்கு அதைத்தான் எழுத வேணும்."

"அப்ப ஏன் சோதினை?"

அதோடு, முதலில் படிப்பவர் அவர் என்பதால், பாடம் என் கைக்கு வருமுன்பே அதைக்கொண்டு என்னையே மடக்குவார். இடமாற்றத்துக்கு முன் ஊழியரோடு கலந்தாலோசிக்க வேண்டும் என்று ஐந்தாம் பாடத்தில் இருக்கிறதாம், நீங்கள் கலந்தாலோசித்தீர்களா என்று முகாமையாளருக்கு முன்னால் என்னைக் கேட்டார். ஐந்தாம் பாடத்தை நான் அப்போது கண்ணால் கண்டதில்லை. முகாமையாளர் என்னைப் பார்த்து, "என்ன பிள்ளை, நீரும் உந்தப் பாடத்தைத்தானே படிக்கிறீர்?" என்றார்.

சங்கத்தில் வேலையோ பல மடங்காகியிருந்தது. இராணுவம் பிடித்த வடகரையிலிருந்து சனம் முழுவதும் எழும்பி உள்ளே வந்திருந்தது. பள்ளிக்கூடங்களிலும் கோயில் மண்டபங்களிலும் இருந்தவர்களுக்கு நிவாரணச் சாமான் கொடுப்பது கூட்டுறவுச் சங்கங்களின் பொறுப்பு. கடற்கரைப் பக்கச் சங்கங்கள் இயங்காமற் போக, அவற்றின் ஊழியர்களும் எங்களிடம் சேர்க்கப்பட்டார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவர் மயிலிட்டிக் கிளையில் விற்பனையாளராக இருந்த பெண். என்னிலும் மூத்தவர். அதிகம் பேசமாட்டார். தராசில் சீனி நிறுத்தால் ஒருவரும் இரண்டாம் தரம் பார்க்கத் தேவையில்லை. அவருடைய கணவர் கடற்றொழில் செய்பவர். மயிலிட்டித் துறையை இழந்தபின் குருநகரில் ஒருவரின் படகில் சேர்ந்து தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

ஒரு நாள் அந்தப் பெண் வேலைக்கு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. கிழமை கடந்தது. லீவுக் கடிதமும் இல்லை. கணவர் போன படகு திரும்பவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

முகாமையாளர் எதையும் உடனே செய்யாதவர் என்று சொன்னேனல்லவா? இந்த ஒன்றில் மட்டும் அவசரப்பட்டார். அறிவிக்காமல் இத்தனை நாள் வராவிட்டால், வேலையை விட்டு விலகியவராகக் கருதுவதாகக் கடிதம் அனுப்புவதுதான் விதி. அதை உடனே தயாரிக்கச் சொன்னார்.

"அவவின்ரை மனுசனைக் காணேல்லை சேர்."

"தெரியும் பிள்ளை. எனக்கும் கவலைதான். ஆனா கவலையை நான் எந்த ஃபைலிலை போடுறது? ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விட வேணும்."

யூனியன் செயலாளர் வந்தார். கடிதம் அனுப்பினால் ஆலை நிற்கும் என்றார். கடிதம் எழுதுகிறவள் நான் என்பதால் அதையும் என்னிடம்தான் சொன்னார். ஒரு பக்கம் முகாமையாளர், மறுபக்கம் இவர். அந்தப் பெண் ஒரு வரி எழுதித் தந்தால் எல்லாம் முடிந்துவிடும். ஒரு வரி. அதைக் கேட்கத்தான் அவரையும் கூட்டிக்கொண்டு சைக்கிளில் குருநகருக்குப் போனேன்.

காலை வெயில் ஏறியிருந்தது. கரையில் மீனை ஏலம் கூறி விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் சனத்திலிருந்து விலகி, இழுத்து வைத்திருந்த வள்ளமொன்றின் நிழலில் நின்றார். வருகிற படகையெல்லாம் போய் விசாரித்துவிட்டுத் திரும்பி அதே நிழலுக்கு வந்தார். எங்களைக் கண்டு அவர் வியப்படையவில்லை.

"அக்கா, ஒரு கடிதம் மட்டும் எழுதித் தாங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்" என்றேன்.

"என்னெண்டு எழுத?"

"லீவு வேணுமெண்டு."

"எத்தினை நாளைக்கெண்டு எழுத?"

நான் நீட்டிய தாளையும் பேனையையும் திருப்பி என் கையில் வைத்தார்.

"அவர் வாற நாள் தெரிஞ்சா எழுதித் தந்திருப்பன் தானே தங்கச்சி" என்றார். கோபமில்லாமல், எனக்கு ஒரு கணக்கை விளங்கப்படுத்துவது போலத்தான் சொன்னார்.

திரும்பி வரும்போது செயலாளர் வழி முழுவதும் பேசினார். பதினான்கு பாடத்திலும் இதற்கு ஒரு வரி இல்லை, இதை எழுதியவர்கள் மனிதரை ஒருநாளும் கண்டதில்லை என்றார். எதிர்க்காற்றில் சைக்கிள் உழக்கிக்கொண்டு வந்த எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

"அண்ணை, பாடத்திலை இல்லாதது எனக்கும் தெரியும். இப்ப என்ன செய்யிறதெண்டு சொல்லுங்கோ."

கடைசியில் நான்தான் ஓர் ஆயுர்வேத வைத்தியரைப் பிடித்து, அந்தப் பெண்ணுக்கு உடல்நலம் சரியில்லை என்று சான்றிதழ் வாங்கி, சுகவீன லீவு என்று பதிந்தேன். முகாமையாளர் மகிழ்ச்சியோடு ஒப்பமிட்டார். ஒரு மாதம் கழித்து அந்தப் பெண் வேலைக்குத் திரும்பினார். கணவர் வரவில்லை. தன் லீவு எப்படிப் பதியப்பட்டிருக்கிறது என்று அறிந்ததும் நேரே என் மேசைக்கு வந்தார்.

"எனக்கு நோய் வருத்தம் ஒண்டுமில்லை. ஏன் பொய் எழுதினனீங்கள்?"

நன்றி சொல்வார் என்று நினைத்திருந்தேன்.

சோதனை ஒரு வருஷம் தள்ளிப் போனது, பிறகு இன்னொரு வருஷம் போனது. யாழ்ப்பாணத்தில் நிலையம் வைக்க முடியாது, கொழும்புக்கு வாருங்கள் என்று ஒருவழியாக அறிவித்தல் வந்தது. கப்பலில் வந்த தபால் அது. நிலையம் பஸ் தரிப்பிடத்திலிருந்து நடந்துபோகக்கூடிய தூரத்தில் இருப்பதாக, எங்கள் வசதியைக் கருதி அதில் குறிப்பிட்டிருந்தார்கள்.

குடாநாட்டை விட்டு வெளியே போக, அங்கே ஆட்சி நடத்திய இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும். பாஸ் கந்தோரில் இருந்தவர் இளைஞர். என் விண்ணப்பத்தை இரண்டு தரம் படித்தார்.

"என்ன சோதினை?"

"ஆளணி முகாமைத்துவம்."

"அதென்ன?"

"ஆக்களை வேலைக்குச் சேர்க்கிறது, அவையைக் குறையில்லாமல் வைச்சிருக்கிறது, விட்டிட்டுப் போகாமல் பாக்கிறது."

"அதைத்தானே அக்கா நாங்களும் இஞ்சை செய்யிறம்" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். எனக்குப் பிணை நிற்க ஓர் ஆளைக் கொண்டுவரச் சொல்லித் திருப்பி அனுப்பினார். பிணை நிற்க அப்பாவைக் கூட்டிப்போய், அவருடைய அடையாள அட்டை தெளிவில்லை என்று திரும்பி, பிறகு சித்தப்பாவைக் கூட்டிப்போய்ப் பாஸ் எடுத்தேன். யூனியன் செயலாளருக்கு அவர் மனைவி பிணை நிற்பதாக இருந்தது. அவர் மனைவியோ, பிணைக்குத் தன் அண்ணனை நிறுத்திவிட்டு, நானும் வருகிறேன் என்று நின்றார்.

அதற்கு அவர் சொன்ன காரணம், வெள்ளவத்தையிலிருக்கும் தன் தங்கையைப் பார்க்க வேண்டும் என்பது. உண்மையான காரணம் எங்கள் மூவருக்கும் தெரியும். கலியாணமாகாத பெண் ஒருத்தி இன்னொருத்தியின் கணவனோடு கொழும்புக்குப் போனால் ஊர் என்ன சொல்லும் என்று எனக்காகத்தான் அவர் யோசித்தார். கணவனைப் பற்றி அவருக்குக் கவலை இருக்கவில்லை. "இவரோடை ஒரு பொம்பிளை அரை மணித்தியாலம் இருந்தாளெண்டா, அவளாவே எழும்பிப் போயிடுவாள்" என்று எனக்குத் தனியே சொன்னார்.

கடல்நீரேரியைக் கடக்கக் கிளாலியில் படகேறினோம். ஏறுமுன்பே செயலாளர் படகோட்டியோடு தொடங்கிவிட்டார். ஒரு படகில் எத்தனை பேரை ஏற்றலாம், அதைத் தீர்மானித்தது யார் என்று கேட்டார். இருட்டு, கடற்படை எப்போது சுடும் என்று எல்லோருக்கும் உயிர்ப்பயம், குழந்தைகளை வாயைப் பொத்தி வைத்திருக்கிறார்கள். அவர் மனைவி எங்கள் பாடங்கள் இருந்த பையைத் தலைக்கு மேல் பிடித்தபடி, "கடலிலையாவது வாயை மூடுங்கோ" என்றார். அந்தப் பயணத்தில் அவர் வாய்மூடி இருந்தது அக்கரை வரைக்கும்தான். அதன்பின் உழவியந்திரம், நடை, சோதனைச் சாவடி, மறுபடி நடை, வவுனியாவில் காத்திருப்பு, ரயில். ஒவ்வொரு இடத்திலும் என்ன காரணத்துக்காகப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். ஒவ்வொரு இடத்திலும் நான் ஆளணி முகாமைத்துவம் என்றால் என்ன என்று விளங்கப்படுத்தினேன். கொழும்பு போய்ச் சேரும்போது அந்தப் பாடத்தில் எனக்கு நல்ல பயிற்சி வந்திருந்தது.

சோதனை நடந்த பள்ளிக்கூட மண்டபத்தில் மின்விசிறி சுற்றியது. சில வருஷமாக மின்சாரத்தையே காணாத எனக்கு அதை அண்ணாந்து பார்க்கவே நேரம் போனது. தமிழ் வினாப்பத்திரம் தந்தார்கள். ஆங்கிலத்தில் தயாரித்ததை யாரோ அவசரத்தில் மொழிபெயர்த்திருந்தார்கள். பல கேள்விகளுக்கு விடை தெரிந்தாலும் கேள்வி தெரியவில்லை. 'வெற்றிடம் நிரப்புதலின் மூலங்கள் உள்ளும் வெளியும் யாவை?' என்று ஒன்று. அதைத் தாண்டி வந்தால், அதிக புள்ளிக்குரிய கட்டாயக் கேள்வி இருந்தது. 'நிறுவனமொன்றில் ஊழியரின் துக்கத்தைக் கையாளும் முறையை விளக்குக.'

துக்கம். நான் பேனையை வைத்துவிட்டு யோசித்தேன். பாடத்தில் ஊழியரின் குறைகளைக் கேட்டுத் தீர்க்கும் முறை என்று ஓர் அத்தியாயம் உண்டு. முதலில் மேற்பார்வையாளரிடம் முறையிடுவது, பிறகு ஆளணிப் பகுதி, பிறகு முகாமையாளர் என்று படிப்படியாகப் போகும். குறைக்கு ஆங்கிலத்தில் கிறீவன்ஸ் என்பார்கள். மொழிபெயர்த்தவர் அகராதியில் பக்கத்துச் சொல்லான கிறீஃப் என்பதைப் பார்த்து, துக்கம் என்று போட்டுவிட்டார் என்று விளங்கியதும் பெருமூச்சு விட்டேன். குறைகேள் முறையைப் படிப்படியாக எழுதினேன், படம்கூடப் போட்டேன்.

வெளியே வந்து செயலாளரைக் கேட்டேன்.

"அண்ணை, அந்தத் துக்கக் கேள்வி விளங்கினதோ? குறை எண்டதைத்தான் அப்பிடிப் போட்டிருக்கினம்."

"ஓம், எனக்கும் விளங்கினது."

"நல்ல காலம்."

"ஆனா நான் துக்கத்தைத்தான் எழுதினன்."

"ஏன் அண்ணை?"

"மூண்டு வருசத்திலை உவங்கள் முதல் தரம் ஒரு சரியான கேள்வி கேட்டிருக்கிறாங்கள் தங்கச்சி. பிழையாக் கேட்டாலும் சரியான கேள்வி. எப்பிடி எழுதாமல் விடுறது?" என்றார். மயிலிட்டிப் பெண்ணைப் பற்றி எழுதினாராம். ஊரும் பெயரும் இல்லாமல். ஓர் ஊழியரின் வீட்டு ஆள் திரும்பி வராவிட்டால் எத்தனை நாள் என்று கேட்காமல் லீவு கொடுக்க வேண்டும், பொய்ச் சான்றிதழ் கேட்கக்கூடாது, திரும்பி வரும்போது அதே இடத்தில் வேலை இருக்க வேண்டும், கூட வேலை செய்பவர் ஒருவரையாவது வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்றெல்லாம் நான்கு பக்கம். நேரம் முடியும்வரை எழுதினாராம்.

எனக்கு அழுகை வருமளவுக்கு ஆத்திரம் வந்தது. கடல் தாண்டி, சாவடி தாண்டி, கொழும்புப் பொலிஸில் பெயர் பதிந்து, இத்தனை பாடுபட்ட பிறகு, தெரிந்துகொண்டே புள்ளியைத் தூக்கி எறிந்துவிட்டு நிற்கிறாரே இந்த மனிதர். பள்ளிக்கூட மதிலோரம் காத்திருந்த அவர் மனைவி முழுவதையும் கேட்டுவிட்டுப் பையைத் தோளில் மாற்றிக்கொண்டார்.

"இவரிட்டை ஆரும் கேள்வி கேக்கக்கூடாது" என்றார். பிறகு சற்றுத் தூரம் நடந்தபின், "அந்தப் பிள்ளையைப் பற்றி எழுதினது நல்லதுதான்" என்றும் சொன்னார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

முடிவுகள் வர மாதங்கள் சென்றன. நான் எல்லாவற்றிலும் தேறியிருந்தேன். அவர் அந்த ஒரு பத்திரத்தில் தவறியிருந்தார். அவர் சும்மா விடவில்லை. கேள்வியில் துக்கம் என்று இருந்ததற்குத் துக்கத்தைப் பற்றி எழுதியவரை எப்படித் தவறியதாகக் கொள்ளலாம், அப்படியானால் குறையைப் பற்றி எழுதியவர்கள்தானே கேள்விக்கு வெளியே போனவர்கள், அவர்களைத் தேறியதாகக் காட்டியது எந்த நியாயம் என்று நீண்ட முறைப்பாடு அனுப்பினார். அதை என் ரைப்ரைற்றரில், என் கையால்தான் அடித்துக் கொடுத்தேன். அதன்படி பார்த்தால் தவறியவள் நான். முறைப்பாடு செய்யும் காலம் கடந்துவிட்டது என்று பதில் வந்தது. அந்தக் காலம், முடிவுகள் எங்கள் கைக்கு வருமுன்பே கடந்திருந்தது.

எனக்கு நேர்முகம் இருந்தது. அதற்கான அறிவித்தல் நேர்முகம் முடிந்தபின் வந்து சேர்ந்தது. எழுதிக் கேட்டு இன்னொரு நாள் வாங்கினேன். மறுபடி பாஸ், மறுபடி சித்தப்பா, மறுபடி கிளாலி. இந்தத் தரம் செயலாளரின் மனைவி மட்டும் என்னோடு வந்தார். எந்தப் படிப்புக்கும் பதியாத அந்த அக்கா ஆளணி முகாமைத்துவத்துக்காக இரண்டு தரம் கடல் கடந்தார்.

நேர்முகத்தில் மூன்று பேர் இருந்தார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க ஓர் இளம் லிகிதர் பக்கத்தில் இருந்தார். உங்கள் நிறுவனத்தில் வேலைக்கு வராமல் நிற்பவர்களின் பிரச்சினை எப்படி, அதற்கு என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று கேட்டார்கள்.

நான் சொன்னேன். எங்களுக்கு வராமல் நிற்பவர்கள் பிரச்சினையில்லை, வர வேண்டாம் என்று சொன்னாலும் வருகிறவர்கள்தான் பிரச்சினை. ஷெல் அடிக்கும் நாளிலும் பனங்காணிக்குள்ளால் சைக்கிளை உருட்டிக்கொண்டு வருகிறார்கள், ஏனென்றால் அவர்கள் வந்து கடையைத் திறக்காவிட்டால் அகதி முகாமில் அடுப்பெரியாது. அவர்களை வீட்டில் நிற்க வைக்க எந்தப் பாடத்திலும் வழியில்லை. வராதவர்கள் ஏன் வரவில்லை என்று எழுத எங்கள் பதிவில் இடமுமில்லை. நான் நீண்ட நேரம் பேசியிருக்க வேண்டும். மொழிபெயர்த்தவர் கவனமாகக் கேட்டுவிட்டு அவர்கள் பக்கம் திரும்பி ஒரே வசனத்தில் முடித்தார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அதன் பொருள், வரவு திருப்திகரமாக இருக்கிறது என்பதுதான். மூன்று பேரும் மகிழ்ச்சியோடு தலையாட்டினார்கள். திருத்திச் சொல்ல வாயெடுத்தேன். நடுவில் இருந்தவர் எழுந்து என்னைப் பாராட்டிவிட்டார்.

அப்படித்தான் என் பெயருக்குப் பின்னால் நான்கு எழுத்து வந்தது.

பாதை கொஞ்சம் திறக்கும், சமாதானம் வரும் என்று எல்லோரும் பேசிய தொண்ணூற்றைந்தின் தொடக்கத்தில் சான்றிதழ் வந்தது. அதைக் கண்ட முகாமையாளர் உண்மையாகவே சந்தோஷப்பட்டார். சங்கத்துக்கு ஓர் ஆளணி அலுவலர் பதவி வேண்டும் என்று பணிப்பாளர் சபையில் அவரே பேசினார். சபை ஏற்றுக்கொண்டது. பிறகு அவர் என்னைக் கூப்பிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பிள்ளை, சபையிலை ஒரு யோசினை. பதவியை ஆலை மேற்பார்வையாளருக்குக் குடுத்தா என்னெண்டு."

"அவர் ஒரு பத்திரத்திலை தவறினவர் சேர்."

"அதுதான், தகைமை அல்லது அனுபவம் எண்டு போட்டிருக்கு. நீர் பொம்பிளைப் பிள்ளை. லொறிக்காரரோடை எல்லாம் கதைக்க வேணும்."

லொறிக்காரருக்கு இத்தனை வருஷமாக எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தவள் நான். ஆனால் எனக்கு முழுவதும் விளங்கியது. அவருக்குப் பதவி கொடுத்தால் யூனியனுக்குச் செயலாளர் இல்லை. ஒரே கல்லில் சபைக்கு இரண்டு நிம்மதி.

அன்று பின்னேரம் செயலாளர் தன் மனைவியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்து உட்கார்ந்தார்.

"பதவியை எடுங்கோ அண்ணை. உங்களுக்கும் பிள்ளையள் இருக்கு" என்றேன். மனதாரச் சொன்னேனா என்று கேட்டால், இல்லை.

"நான் மாட்டனெண்டு சொல்லிப்போட்டுத்தான் வாறன். அதுக்கில்லை வந்தது. நீர் முறைப்பாடு எழுதித் தாரும்."

"ஆருக்கு?"

"பாடத்திலை சொன்ன மாதிரிப் படிப்படியா. விசாரணையிலை உமக்காக நான் கதைக்கிறன்."

அவர் மனைவி, "எழுதிக் குடும் பிள்ளை. இல்லாட்டி வீட்டை வந்து என்னோடைதான் கதைப்பார்" என்றார்.

எழுதினேன். விசாரணை நடந்தது. சபைத் தலைவர், முகாமையாளர், இன்னும் இரண்டு பேர் மேசைக்கு அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம், எனக்குப் பக்கத்தில் அவர். நான் கடிதம் எழுதிய வருஷங்களிலெல்லாம் எனக்கெதிரே நின்ற குரல் அன்றைக்கு என் பக்கத்திலிருந்து வந்தது. ஐந்தாம் பாடம், எட்டாம் பாடம் என்று பக்கம் சொல்லி வாதாடினார். பேசிப் பேசித் தலைவருக்குத் தேநீர் ஆறிப்போனது. நான் ஒரு வசனம் சொல்லலாம் என்று இரண்டு தரம் வாயைத் திறந்தேன். இடம் கிடைக்கவில்லை.

"யோசிப்பம்" என்றார் முகாமையாளர்.

இரண்டு கிழமை யோசித்தார்கள். பதவி எனக்கு வந்தது. நியமனத்தில், தகுந்த ஒருவர் கிடைக்கும்வரை பதில் ஆளணி அலுவலர், அதாவது தற்காலிகம், என்று இருந்தது. தகுதி தேடிக் கடலை இரண்டு தரம் கடந்த என்னை, தகுந்த ஒருவர் கிடைக்கும்வரை வைத்திருப்பதாகச் சொன்னார்கள். எதிர்த்து எழுதுவோமா என்று செயலாளர் கண்கள் மின்னக் கேட்டார். வேண்டாம் அண்ணை, எனக்குக் களைத்துவிட்டது என்றேன். அந்தத் தகுந்த ஒருவர் வருமுன்பே, வருஷக் கடைசியில், இராணுவம் முன்னேறி வர, வலிகாமம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. சங்கக் கந்தோரையும் பூட்டிவிட்டு நாங்களும் நடந்தோம்.

ஆனால் அதற்கு முன் சில மாதங்கள் நான் அந்தக் கதிரையில் இருந்தேன். முகாமையாளர், திணைக்களத்திலிருந்து வந்தவர்களுக்கு என்னை அறிமுகப்படுத்தும்போது நான்கு எழுத்தையும் சொல்வார், வரிசையை மாற்றி. பதவியேற்ற முதல் நாள் காலை, மேசையைத் துடைத்து உட்கார்ந்ததும் யூனியன் செயலாளர் வந்தார். தலையில் உமி. வாழ்த்தத்தான் வருகிறார் என்று எழுந்து நின்றேன்.

"இரும், இரும்" என்று சொல்லி ஒரு தாளை நீட்டினார். ஆலையில் தூசிக்கு முகத்தில் கட்டத் துணி கொடுக்கவில்லை என்று ஊழியர் சார்பில் முறைப்பாடு. எதிர்த்தரப்பு, பதில் ஆளணி அலுவலர்.

"அண்ணை, நான் இப்பத்தான் வந்து இருக்கிறன்."

"அதுதான் தங்கச்சி" என்றார், கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு. "முந்தி ஆரிட்டைக் குடுக்கிறதெண்டே தெரியாமல் இருந்தது."